டிரெஞ்சுக்கு அந்தாண்ட

யாராவது போன் செய்து “டிரெஞ்ச் எடுக்கணும், வண்டி வருமா?” என்று கேட்டால் நான் உடனே வருகிறேன் என்று சொல்வதில்லை. எந்த டிரெஞ்ச் என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்குக் கோபம் வரும். டிரெஞ்ச் என்றால் டிரெஞ்ச்தானே, ஜே.சி.பி. ஓட்டுகிறவனுக்கு இதுகூடவா தெரியாது என்பார்கள். தெரியாது என்பதுதான் உண்மை. மீசை முளைத்த நாளிலிருந்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன், இந்த ஒரு சொல்லில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை.

கேபிள்காரர்களுக்கு டிரெஞ்ச் என்றால் சாலையோரத்தில் ஒல்லியாக ஒரு கோடு. காலையில் எடுத்து மாலையில் மூடிவிடுவார்கள். குடிநீர்க் குழாய்க்காரர்களுக்கு அதைவிட ஆழம் வேண்டும், ஆனால் மூடுகிற பேச்சே இருக்காது. மேஸ்திரி வந்து வீட்டு அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டச் சொல்லும்போதும் அதே சொல். மலைச்சரிவில் மழைத்தண்ணீரை மடக்கி நிறுத்தக் குறுக்கே வெட்டுவதும் டிரெஞ்ச், காடு இதோடு முடிந்தது என்று காட்ட வெட்டுவதும் டிரெஞ்ச். ஒருமுறை கணியம்பாடி டீக்கடையில், பட்டாளத்தில் இருந்து வந்த ஒருவர், டிரெஞ்ச் என்றால் துப்பாக்கியோடு இறங்கிப் படுத்துக்கொள்ளும் பள்ளம், நீ எடுப்பதெல்லாம் வெறும் வாய்க்கால் என்று ஒரே போடாகப் போட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், முழங்கால் வரை தொங்கும் ஒரு கோட்டுக்கும் அதுதான் பெயர் என்று போனில் படம் காட்டினார். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஜவ்வாது மலையில் பார்த்த ஓர் அக்காவின் ஞாபகம் வரும். அவரைப் பார்த்துச் சில வருடங்கள் ஆகின்றன. என்னிடம் இருந்த அவருடைய போன் நம்பரும் இப்போது வேறு யாருக்கோ போகிறது. டிரெஞ்ச் என்ற சொல்லை அவரைப் போல வேலை வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை. அந்தச் சொல்லே ஒரு நாள் அவருடைய மூன்று புளியமரங்களைக் கொண்டுபோகப் பார்த்தது.

என் ஊர் சந்தவாசல். வண்டியின் ஓனரும் அங்கேதான் இருந்தார். மலையில் பெரிய வேலை பிடித்திருக்கிறேன் என்று அவர் சொன்னதும் போளூர் வழியாக வண்டியை மேலே ஏற்றினேன். ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் சின்ன ஊர் அது. மேலே சரிவு முழுக்க டிரெஞ்ச் எடுக்க வேண்டும். வண்டியை நிறுத்த அந்த ஊரில் சமதரையாக இருந்த ஒரே இடம் அக்கா வீட்டு வாசல்தான். இடம் கேட்கலாம் என்று போனால், புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, அவர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“இன்னா எடுக்கப் போறீங்க?”

“டிரெஞ்ச்க்கா.”

“அப்டின்னா?”

“பள்ளம்.”

“பள்ளத்தப் பள்ளம்னு சொன்னா இன்னா? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு பேரு?”

பள்ளம் என்பது தானாக இருப்பது, இது நாமாக எடுப்பது என்று எதையோ உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. “டிரெஞ்சு, டிரெஞ்சு” என்று இரண்டு தரம் வாய்க்குள் மென்று பார்த்தார். பிறகு சிரித்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டி, “அப்போ இதுவும் டிரெஞ்சுதான்?” என்றார்.

அன்று மத்தியானமே அந்தச் சொல்லுக்கு அடுத்த வேலை வந்துவிட்டது. எனக்கும் சேர்த்துச் சாமைச் சோறு போட்டார். குழம்பு தட்டின் ஓரத்துக்கு ஓடியதைப் பார்த்து, “நடுவுல ஒரு டிரெஞ்சு எடுத்துக்க தம்பி, எங்கியும் ஓடாது” என்றார். மறுநாள் காலையில் மகளுக்குத் தலை வாரும்போது, வகிட்டை நேராக எடுக்கவில்லை என்று அழுத பெண்ணிடம், “டிரெஞ்சு கோணலா இருந்தா இன்னாடி, தண்ணியா வுடப் போறாங்க” என்று அதட்டியது கேட்டது. ஊருக்கு வந்த நர்ஸம்மா எங்கே வலி என்று விசாரித்தபோது, “முதுவு டிரெஞ்சுல” என்று சொல்லியிருக்கிறார். நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டு, அந்த அம்மா உங்கள் வண்டி எடுத்த பள்ளத்தில் விழுந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

ஒரு பொருளுக்கு ஒரே ஒரு வேலைதான் என்றால் அக்காவுக்குப் பொறுக்காது. என் வண்டி பக்கெட்டிலிருந்து தேய்ந்து கழன்ற ஓர் இரும்புப் பல்லைத் தூக்கிப்போட இருந்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். காலையில் அது கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் அதை வைத்துப் புளி தட்டுவார். மழை வந்தால் கூரைத் தார்ப்பாய் பறக்காமல் மேலே ஏறிவிடும். அவர் மாட்டியிருந்த சட்டையும் அப்படித்தான். கழற்றி, கைகளை முடிச்சுப் போட்டால் பை, சுருட்டினால் தலைச்சும்மாடு. சொல்லையும் அவர் அப்படித்தான் நடத்தினார். வீட்டுக்கு வந்த சொல் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. எனக்குத்தான் குழப்பம். அவர் டிரெஞ்ச் என்று சொல்லும் ஒவ்வொரு தரமும் பல்லா, தட்டா, வகிடா, நான் எடுத்ததா என்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த பெரிய வேலை வேறு. பக்கத்து வீட்டில் அவருடைய ஓரகத்தி இருந்தாள், அதாவது கொழுந்தனின் மனைவி. என்னைவிடச் சின்னவள், வாயில் அக்காவுக்குச் சளைத்தவள் இல்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டேன்.

“எனக்கும் அவளுக்கும் நடுவுல டிரெஞ்சு வுழுந்து ரொம்ப நாள் ஆச்சு தம்பி. மூட முடியாது.”

காரணம் ஆடு. அக்காவின் நிலத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் விளங்காது. சரிவின் அடியில் வீடும் கிணறும். அதற்கு மேலே கொல்லை, அதாவது சாமையும் கேழ்வரகும் விளைகிற மேட்டு நிலம். கொல்லைக்கு மேலே மூன்று புளியமரங்கள். மரங்களுக்கு மேலே காடு. அவ்வளவுதான். ஓரகத்தியின் ஆடுகள் பகலெல்லாம் காட்டோரம் மேய்ந்துவிட்டுச் சாயந்திரம் வீடு திரும்பும்போது, புளியமரத்தடியாக இறங்கி அக்காவின் கொல்லை வழியாகத்தான் போகும். சும்மா போகாது. கொல்லையில் விளைவது வீட்டுச் சோற்றுக்கே போதாது. மகள் படிப்பு, துணிமணி, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த மூன்று மரத்துப் புளியை நம்பித்தான். மாமனார் வைத்த மரங்கள். பாகம் பிரித்தபோது மரங்கள் மூத்தவருக்கு, நல்ல மண்ணாக இருந்த கீழ்ப்பக்கம் இளையவருக்கு என்று பேசிக்கொண்டார்களாம். அதனால் அந்த மரங்களை அக்கா தன் மாமனாரைப் பேசுகிற மரியாதையோடுதான் பேசுவார்.

நான் எடுக்க வேண்டிய டிரெஞ்ச், கொல்லைக்கும் புளியமரங்களுக்கும் நடுவே போயிற்று.

சூப்பர்வைசர் ஒருவர் முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போவார், பின்னால் நான் வெட்டிக்கொண்டே வருவேன். தண்ணீர் நிற்கிற டிரெஞ்சை ஒரே நீளத்துக்கு எடுக்க மாட்டார்கள். இடையிடையே கொஞ்சம் மண்ணைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பெருமழையில் தண்ணீர் எல்லாம் ஒரு பக்கமாக ஓடி உடைத்துக்கொண்டு போய்விடும். ஆளும் மாடும் தாண்டவும் அதுதான் வழி. அக்காவின் நிலத்தில் அந்த இடைவெளி, ஆடு இறங்கும் தடத்துக்கு நேராக வந்தது. அக்கா பக்கெட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

“இங்க வுடாதீங்க. இதையும் சேத்து எடுத்துடுங்க.”

“அப்போ நீங்க மரத்துக்கு எப்படிம்மா போவீங்க?” என்றார் சூப்பர்வைசர்.

“நான் பலகை போட்டுக்கினு போவேன். ஆடு பலகை எடுத்துக்கினு வருமா?”

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். இரண்டு பக்கமும் பாறை இருக்கிறது, தண்ணீர் ஓடிவிடாது என்று பார்த்துவிட்டு, “எடுத்துடுப்பா, இன்னும் கொஞ்சம் தண்ணி நிக்கட்டும்” என்று என்னிடம் கை காட்டினார். எடுத்துவிட்டேன். அந்தச் சரிவில் இருந்த டிரெஞ்சுகளிலேயே அறுபடாமல் ஒரே நீளமாக ஓடியது அக்காவுடையது ஒன்றுதான்.

அன்று மாலை ஆடுகள் வந்து விளிம்பில் நின்று கத்தின. பிறகு சுற்றிக்கொண்டு போயின. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு மட்டுமில்லை, கீழே பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“இதாண்டி எல்லை! இதுக்கு இந்தாண்ட உன் ஆடு வரக் கூடாது, உன் புள்ளைங்க வரக் கூடாது, நீயும் வரக் கூடாது.”

மழைக்காலம் முடிந்து நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அக்கா கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு வந்திருந்தது. சாமை அறுத்த கையோடு கேழ்வரகு போட்டிருந்தார். “ஒரு டிரெஞ்சு, ரெண்டு வேலை. ஆட்டையும் நிறுத்துது, தண்ணியையும் நிறுத்துது” என்றார். ஒரு பொருளிடம் இரண்டு வேலை வாங்கிவிட்டால் அவர் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்று பார்த்தேன். எனக்கும் பெருமையாக இருந்தது. நான் தோண்டிய பள்ளங்களில் யாராவது கூப்பிட்டுக் காட்டியது அது ஒன்றுதான்.

அடுத்த வருடம் ஒரு நாள் காவலூர் பக்கம் வேலையில் இருந்தேன். அக்காவிடமிருந்து போன். குரல் சரியில்லை.

“தம்பி, எங்க வூட்டுக்காரரு டிரெஞ்சுக்கு அந்தாண்ட போய்ட்டாரு. வண்டிய எடுத்துக்கினு வா.”

அந்தாண்ட, அதாவது அந்தப் பக்கம், போய்விட்டார் என்றால் எங்கள் ஊரில் செத்துப்போனதைத்தான் சொல்வோம். அதற்கு மேல் வண்டி வேறு வேண்டுமாம். டிரெஞ்சில் விழுந்து மேலே மண் சரிந்துவிட்டதா, இல்லை எல்லாம் முடிந்து குழி தோண்டக் கூப்பிடுகிறாரா? கேட்கலாம் என்றால் சிக்னல் போய்விட்டது. அந்த மனிதர் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவர் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஜே.சி.பி. எவ்வளவு வேகம் போகும்? மலைச்சாலையில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அவர் தன் தம்பி வீட்டு வாசலில், ஓரகத்தி பரிமாற, உட்கார்ந்து சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பாரு. டிரெஞ்சுக்கு அந்தாண்ட போய்ட்டாரு. அவ கையால வாங்கித் தின்னுக்கினு கீறாரு” என்றார் அக்கா. கண்ணில் உண்மையாகவே தண்ணீர். வண்டி எதற்கு என்றேன். கிணற்றடியில் ஒரு வேர்க்கட்டை இருக்கிறதாம், அதைப் பிடுங்க வேண்டுமாம். இரண்டையும் ஏன் ஒரே மூச்சில் சொன்னார் என்று கேட்டதற்கு, போனில் பாலன்ஸ் குறைவாக இருந்தது என்றார். கோபப்படுவதா, சிரிப்பதா, அழுகிறவரைச் சமாதானப்படுத்துவதா என்று தெரியாமல் வேர்க்கட்டையைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வருடம் காட்டுக்குப் புதிதாக ஒரு ஃபாரஸ்ட் கார்டு, அதாவது வனக்காவலர், வந்தார். இளைஞர், நல்ல மாதிரி. பழைய கார்டுக்கு எந்த மரம் யாருடையது என்பது தலைகீழாகத் தெரியும். இவருக்கு எல்லாம் புதிது. முதல் நாள் சுற்றி வரும்போது அக்கா வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். மேலே பார்த்து, அது என்ன என்று கேட்டிருக்கிறார்.

“டிரெஞ்சு சார். அதான் எல்லை. அந்தாண்டயிருந்து ஒரு ஆடு இந்தாண்ட வர முடியாது” என்று அக்கா பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஓரகத்தியின் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறார். கார்டு தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

புளி உலுக்குகிற பருவம் வந்தது. பலகையைப் போட்டுக்கொண்டு, தொரட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போன அக்காவைக் கார்டு நிறுத்தினார். எல்லைக்கு அந்தாண்ட இருப்பது காடு, காட்டு மரத்தில் கை வைக்கக் கூடாது என்றார். அக்கா முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாராம். “நீங்கதானம்மா எல்லைனு சொன்னீங்க” என்று அவர் சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றிருக்கிறது.

அப்போது நான் ஜமுனாமரத்தூரில் குழாய் வேலையில் இருந்தேன். போன் வந்தது. “தம்பி, டிரெஞ்சு மரத்த எடுத்துக்கிச்சு” என்றார். மண் சரிந்து மரம் விழுந்துவிட்டது என்று நினைத்து வண்டியோடு போனேன். மரங்கள் மூன்றும் காயைச் சுமந்துகொண்டு அப்படியே நின்றன. அக்காதான் விழுந்தவர் மாதிரி இருந்தார். அவர் அப்படிப் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கார்டு அங்கேதான் இருந்தார். நான்தான் தோண்டியவன் என்று தெரிந்ததும் என்னிடம் வந்தார்.

“இது எதுக்கு எடுத்த டிரெஞ்சு?”

“தண்ணி நிக்க சார்.”

“தண்ணி டிரெஞ்சுனா நடுவுல இடைவெளி இருக்கும். மத்தவங்க நிலத்துல எல்லாம் கீது. இதுல எங்க? எல்லைக்கு எடுக்கறதுதான் இப்டி ஒரே நீளமா இருக்கும். எங்களுக்கு அப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

அவர் சொன்னது சரிதான். ஆட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆட்டுக்குப் பயந்து ஒரு டிரெஞ்சுக்கே அர்த்தம் மாறிப்போனது என்றால் யார்தான் நம்புவார்கள்? போனை எடுத்து வரைபடத்தைக் காட்டினார். நாங்கள் நிற்கிற இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி, நாங்கள் நகராமலே மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிக்கொண்டிருந்தது. மேலதிகாரிகளிடம் கேட்டுப் பார்த்தாராம். அந்த வேலை நடந்தபோது இருந்தவர்கள் எல்லாம் மாற்றலாகிவிட்டார்கள். சூப்பர்வைசர் எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. என் ஓனருக்குப் போன் போட்டால், “டிரெஞ்ச்னு சொன்னாங்க, எடுத்துக் குடுத்தோம்” என்றார். எந்த டிரெஞ்ச் என்றேன். “டிரெஞ்ச்னா டிரெஞ்ச்தான்டா” என்று வைத்துவிட்டார்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீருக்கு என்று சூப்பர்வைசர் வாயால் சொன்னாரா, அல்லது தண்ணீர் நின்றதைப் பார்த்து நானாக நினைத்துக்கொண்டேனா? கையில் பிடித்து நானே வெட்டியது எது என்று எனக்கே தெரியாமல் நின்றேன்.

“எனக்கும் கொழப்பமாத்தான் கீது” என்றார் கார்டு. குரல் இறங்கியிருந்தது. “வூட்டு ஆளு சொன்னா நான் எடுத்துக்க முடியாதும்மா. இந்த டிரைவரு உங்க வூட்ல சாப்டறவரு. உங்களுக்கு ஆவாதவங்க யாராவது ஒருத்தர் வந்து, இத காட்டு எல்லைனு சொல்லல, ஆட்டுக்குத்தான் சொன்னாங்கனு சொல்லட்டும். அத வெச்சி நான் மேல சொல்லிக்கிறேன்.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே ஆள்தான் மனதில் வந்திருப்பாள். ஓரகத்தி தன் வீட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் ஒன்றுமே இல்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது.

அக்காவின் புருஷன் எழுந்தார். “நான் போய்க் கேக்கட்டுமா?” என்றார். அவர் பேசி நான் கேட்ட சில வாக்கியங்களில் அது ஒன்று. அக்கா வேண்டாம் என்று கை காட்டிவிட்டுத் தானே நடந்தார். வேலிப்படல் வரைக்கும் போய் நின்றார். அதற்குள் நுழையவில்லை.

“வந்து சொல்லு” என்றார்.

“இன்னா சொல்லணும்?”

“எல்லைனு நான் யாரச் சொன்னேன்னு.”

“எனக்கு எப்டித் தெரியும்? டிரெஞ்சுனு சொல்லி ஆயிரம் சொல்ற. பல்லச் சொல்ற, சோத்தச் சொல்ற. எல்லைனு எதச் சொன்னியோ.” முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். “நீயே சொல்லு. அந்த சாருக்குக் கேக்கற மாதிரி சொல்லு. யாருக்கு எல்லை?”

பழி வாங்குகிறாள் என்று நினைத்தேன். கையில் கிடைத்துவிட்டது, விடுவாளா? அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், மேலே மரங்களைப் பார்த்தார். படலைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்குத்தாண்டி” என்றார். அது கார்டுக்குக் கேட்டிருக்காது. மறுபடியும் சொன்னார். “உனக்குத்தான் எல்லை. உன் ஆடு வரக் கூடாது, உன் புள்ளைங்க வரக் கூடாது, நீயும் வரக் கூடாதுன்னுதான் சொன்னேன். உன் வூட்ல சாவு வுழுந்தாலும் தாண்ட மாட்டேன்னு சொன்னேன். எல்லாத்தையும் உன்னத்தான் சொன்னேன்.” அதே வார்த்தைகள்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னபோது சவடாலாக இருந்தவை, இப்போது கெஞ்சலாக வந்தன. முடிப்பதற்குள் அழுதுவிட்டார். கேட்கிற எனக்குத் தரையைத்தான் பார்க்க முடிந்தது.

ஓரகத்தி முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அக்காவைத் தாண்டி, நேராகக் கார்டிடம் வந்தாள்.

“கேட்டுக்கினீங்களா சார்? எனக்குத்தான் எல்லை. ரெண்டு வருசமா தெனமும் பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி இதத்தான் கேக்கறேன். ஒரு நாள்கூட உங்க காட்டு பேரு இதுல வந்ததில்ல. அந்த மரம் எங்க மாமனாரு வெச்சது. இவங்க பாகம்.”

கார்டு போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, மற்ற நிலங்களில் இருக்கிற மாதிரி நடுவில் ஓரிடத்தை மண்ணால் மூடி இடைவெளி விடச் சொன்னார். மேலே கேட்டால் தான் பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். “போய் உலுக்குங்கம்மா” என்றார். அன்றிலிருந்து அவர் பேச்சு வந்தால் நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் இருந்ததில்லை.

கரையில் கிடந்த மண்ணை நாலு வாரு வாரிப் போட்டு, பக்கெட்டால் தட்டினேன். முன்பு எந்த இடத்தை விடக் கூடாது என்று அக்கா நின்றாரோ அதே இடம். இடைவெளி வந்ததும் அது எல்லோருடைய நிலத்திலும் இருக்கிற சாதாரணத் தண்ணீர் டிரெஞ்ச் ஆகிவிட்டது. அக்காவும் புருஷனும் அதன் மேல் நடந்து போய் மரத்தில் தொரட்டியைப் போட்டார்கள். சாயந்திரம் வரைக்கும் புளி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஆடுகள் வந்துவிட்டன. புது மண்ணை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டி, நேராகப் பச்சைக் கேழ்வரகில் வாயை வைத்தன. அக்கா மரத்தடியிலிருந்து ஓடி வந்து கல்லை எடுத்துக் கையை ஓங்கினார். வாசலில் ஓரகத்தி நின்றிருந்தாள். ஆட்டைக் கூப்பிடவும் இல்லை, அசையவும் இல்லை. அக்காவின் கை அப்படியே நின்றது. ஆடுகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. பிறகு கை மெதுவாக இறங்கியது.

“இன்னிக்கு மட்டும் தின்னட்டும்” என்றார் அக்கா.

“நாளைக்கு?” என்றாள் ஓரகத்தி.

“நாளைக்கு வந்தா கால ஒடிப்பேன்.”

“ஆட்டுக்கா, எனக்கா?”

“ரெண்டு பேருக்கும்” என்றார் அக்கா. கல் இன்னும் கையிலேயே இருந்தது.